ஹேவ்லாக்குக்கு எதில் போவது: அரசுக் கப்பலா, தனியார் க்ரூஸா?

ஹேவ்லாக் தீவுக்குப் போக, அந்தமான் தலைநகர் போர்ட் பிளேரில் ஆட்டோ ஏறி "ஜெட்டிக்குப் போங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னேன். ஓட்டுநர் நேராகப் பீனிக்ஸ் பே வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். வரிசையில் நின்று, ஆதாரை எடுத்து, டிக்கெட்டை நீட்டிய பிறகுதான் வாசலில் இருந்தவர் பார்த்துவிட்டு, "இது பிரைவேட் க்ரூஸ் சார், ஹேடோ போகணும்" என்றார். தமிழிலேயே சொன்னார், அந்த ஊரில் அது அதிசயமில்லை. அப்புறம் இன்னொரு ஆட்டோ, மடியில் பையன், காலடியில் பெட்டி, வழியெல்லாம் கடிகாரம். ஏறுவதை நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தோம்.

ஆகவே முதல் வித்தியாசம் கரையிலேயே தொடங்கிவிடுகிறது. தீவுகளுக்கு இடையே ஓடும் அரசுக் கப்பல்கள் பீனிக்ஸ் பேயில் கிளம்புகின்றன, தனியார் படகுகள் ஹேடோ துறையில். இன்னொரு குழப்பம், பெயர்கள். போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. ஹேவ்லாக்கும் பக்கத்துத் தீவான நீலும் 2018 டிசம்பரிலேயே சுவராஜ் த்வீப், ஷஹீத் த்வீப் ஆகிவிட்டன. எழுத்தில் புதுப் பெயர், வாய்ப்பேச்சில் பழைய பெயர். நானும் பழைய பெயரிலேயே போகிறேன்.

ஹேவ்லாக் போக நம் முன்னால் இருப்பது மூன்று வழி. ஒன்று, அந்தமான் நிர்வாகத்தின் கப்பல் துறை நடத்தும் அரசுக் கப்பல். இரண்டு, மூடிய ஏ.சி. அறைக்குள் உட்கார வைத்துக் கொண்டுபோகும் அதிவேகப் படகுகள். மக்ரூஸ், நாட்டிகா, ஐ.டி.டி. மெஜஸ்டிக் எல்லாம் இந்த ரகம். மூன்று, இரண்டுக்கும் நடுவில் நிற்கும் கிரீன் ஓஷன். அதுவும் தனியார்தான், ஆனால் கொஞ்சம் நிதானமாகப் போகும், மேல்தளத்துக்கு ஏறி வெளியே நிற்க விடுவார்கள். ஹெலிகாப்டர் சேவையும் உண்டு என்று யாராவது சொல்வார்கள். அதில் தீவுவாசிகளுக்கும் நோயாளிகளுக்கும்தான் முன்னுரிமை, பெட்டி எடையிலும் கறார். சுற்றுலா போகிறவர்கள் அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

எல்லோரும் வேகத்தை வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள். அதிவேகப் படகு ஒன்றரை மணி நேரம், அரசுக் கப்பல் இரண்டரை மணி நேரம். ஒரு மணி நேரம் மிச்சம், அதற்குத்தான் கூடுதல் காசு என்று கணக்கு. இந்தக் கணக்கு பாதிதான் சரி. தனியார் படகுக்கு ஒரு மணி நேரம் முன்பே வரச் சொல்வார்கள். பெட்டியைச் சோதித்து, சீட்டு கட்டி, வரிசையில் விட்டு ஏற்றுவார்கள். அங்கே இறங்கியதும் பெட்டிக்காக நிற்க வேண்டும். ஓட்டல் அறையைப் பூட்டிய நிமிடத்திலிருந்து ஹேவ்லாக் அறையைத் திறக்கும் நிமிடம் வரை எண்ணிப் பார்த்தால், ஒன்றரை மணி நேரப் பயணம் மூன்றரை மணி நேரத்தைத் தின்றிருக்கும். அரசுக் கப்பலில் வந்தவர் உங்களுக்கு ஒரு மணி நேரம் கழித்து வந்து சேர்கிறார், அவ்வளவுதான்.

அந்த ஒரு மணி நேரம் காலையில் ஒன்றுமே இல்லை. எப்படியும் பெரும்பாலான விடுதிகளில் முற்பகலில் அறை கிடைக்காது. ஆனால் மதியப் படகு என்றால் கதை வேறு. அந்தமான் நம் ஊருக்கு வெகு கிழக்கே, கடிகாரமோ நம் ஊர்க் கடிகாரம். டிசம்பரில் மாலை ஐந்து மணியைத் தாண்டியதும் சூரியன் போய்விடும். 2004-இல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதிய ராதாநகர் கடற்கரை, ஜெட்டியிலிருந்து தீவின் எதிர்ப்பக்கம். மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பும் மெதுவான கப்பலில் ஏறினால் அன்றைய அஸ்தமனம் கைவிட்டுப் போகும். வேகத்துக்குக் காசு கொடுப்பதாக இருந்தால் மதியத்துக்குக் கொடுங்கள், காலைக்கு வேண்டாம்.

அப்படியானால் தனியார் படகில் ஆயிரத்துக்கு மேல் கொடுப்பது எதற்கு? என் பார்வையில், டிக்கெட் உறுதிக்கு. வீட்டில் உட்கார்ந்தபடி வாரக்கணக்கில் முன்னால் இருக்கை எண்ணோடு போட்டுவிடலாம். அரசுக் கப்பலின் முன்பதிவு பயண நாளுக்குச் சில நாள் முன்புதான் திறக்கும். கட்டணம் சில நூறு ரூபாய்தான், அதனால் போட்டி அதிகம். தீவுவாசிகளுக்குச் சலுகைக் கட்டணமும் முன்னுரிமையும் உண்டு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நமக்கு அது சுற்றுலா, அவர்களுக்கு அது டவுன் பஸ். போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவரும், கல்லூரியிலிருந்து வீடு திரும்புகிற பெண்ணும் அதில்தான் வர வேண்டும். ஐந்து நாள் விடுமுறையில் வந்து, அறைக்கு முன்பணம் கட்டிவிட்டு, அரசுக் கப்பல் டிக்கெட்டுக்காகக் கவுன்டரில் நிற்பது நெஞ்சழுத்தக்காரர்களுக்கு மட்டும்.

சரி, படகுக்குள் வருவோம். அதிவேகப் படகுகளில் பேர்போனவை இரட்டை உடல் கொண்ட கேட்டமரான்கள். நாம் கடனாகக் கொடுத்த கட்டுமரம்தான் ஆங்கிலம் சுற்றி, ஏ.சி. மாட்டிக்கொண்டு, விமான இருக்கைகளோடு திரும்பி வந்திருக்கிறது. அகலம் குறைந்த இரண்டு உடல்கள் தண்ணீரைக் கிழித்துப் போவதால் அலை எதிர்ப்பு குறைவு. மணிக்கு 20 கடல் மைலைத் தாண்டிப் போகும், அதாவது 37 கிலோமீட்டருக்கு மேல். சாலையில் அது ஷேர் ஆட்டோ வேகம். தண்ணீரில் அது பறப்பது போல இருக்கும். அகலமாக உட்கார்ந்திருப்பதால் பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து ஆடாது. ஆனால் அலை வந்தால் வெடுக்கென்று தூக்கி வெடுக்கென்று போடும். அரசுக் கப்பல் கனமான ஒற்றை உடல். அது சாயும், ஆனால் பெரிய மாட்டு வண்டி மாதிரி நிதானமாகச் சாயும்.

வாந்திதான் இந்தப் பயணத்தில் யாரும் விளம்பரத்தில் போடாத விஷயம். மேலும் கீழும் போகும் அசைவு ஐந்தாறு வினாடிக்கு ஒரு முறை வந்தால்தான் மனித வயிறு அதிகமாகப் புரளும் என்று கண்டிருக்கிறார்கள். உள்காது ஆட்டத்தைச் சொல்லும், கண்ணோ அசையாத அறைச் சுவரைக் காட்டும். இந்த இரண்டுக்கும் நடக்கும் சண்டையில் தோற்பது காலை இட்லி. வெளியே நின்று தொடுவானத்தைப் பார்த்தால் சண்டை ஓரளவு அடங்கும். மூடிய அதிவேகப் படகில் அதற்கு வழியில்லை. கண்ணாடி ஜன்னலில் உப்புத் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். ஒருவர் கவரைத் திறந்தால் போதும், அந்த ஏ.சி. குளிரில் வாசம் வரிசை வரிசையாகப் பரவி நாலாவது வரிசைக்காரர் எழுந்து ஓடுவார். நான் போன முறை ஊழியர் ஒருவர் கவர்க் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கல்யாணப் பந்தியில் அப்பளம் வைப்பவர் போல நடந்துகொண்டே இருந்தார். பக்கத்து இருக்கைப் பாட்டி தன் முந்தானையில் எலுமிச்சம்பழம் முடிந்து வைத்திருந்தார். எனக்கும் கொஞ்ச நேரம் கொடுத்தார்.

இங்கே ஒரு வேடிக்கை. காசு அதிகமான வகுப்பு பெரும்பாலும் மேல்தளத்தில் இருக்கும். உயரே போகப் போக ஆட்டம் கூடும், முன்பக்கம் போகப் போகக் குதிப்பு கூடும். கீழ்த்தளத்தில் நடுவுக்குக் கொஞ்சம் பின்னால் இருக்கும் மலிவு இருக்கைதான் வயிற்றுக்கு உத்தமம். மேல் வகுப்பில் சோபா மாதிரி இருக்கையும் ஏதாவது குடிக்கவும் கிடைக்கலாம்; அதை உள்ளே வைத்திருப்பது உங்கள் சாமர்த்தியம். அவோமின் என்ற வாந்தி மாத்திரை போடுகிறவர்கள் ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை, அரை மணி நேரமாவது முன்னால் போட வேண்டும். அது தூக்கத்தையும் கொடுக்கும். ஹேவ்லாக்கில் இறங்கிய கையோடு ஸ்கூட்டி வாடகைக்கு எடுக்கிற திட்டம் இருந்தால் இதை மறக்காதீர்கள்.

கடல் எல்லா மாதமும் ஒரே மாதிரி இல்லை. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பெரும்பாலும் தட்டில் ஊற்றிய எண்ணெய் போலக் கிடக்கும், அப்போது எந்தப் படகும் நல்ல படகுதான். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குக் காற்று. ஹேவ்லாக் போர்ட் பிளேருக்கு வடகிழக்கே இருப்பதால், போகும்போது பெரும்பாலும் அலை முகத்தில் அறையும், திரும்பும்போது பின்னாலிருந்து தள்ளும். வேகப் படகில் அந்த அறை நன்றாகவே தெரியும். மே பிறந்தால் தென்மேற்குப் பருவம், படகுகள் ரத்தாவது சகஜம்.

ரத்து என்று வந்தால் அரசு, தனியார் வித்தியாசம் இல்லை. புயல் எச்சரிக்கை கொடுத்தால் எல்லாம் நிற்கும். 2016 டிசம்பரில் அப்படித்தான் ஹேவ்லாக்கிலும் நீலிலும் சுமார் 1,400 சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொண்டு, கடைசியில் கடற்படைக் கப்பல்கள் போய் அழைத்துவர வேண்டியிருந்தது. தனியார் நிறுவனம் டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுக்கலாம், தவறவிட்ட விமானத்துக்கு யார் கொடுப்பார்கள்? தீவிலிருந்து திரும்பும் நாளும் சென்னை விமானமும் ஒரே நாளில் வரும்படி ஒருபோதும் போடாதீர்கள். கடைசி இரவு போர்ட் பிளேரில்தான்.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2014 ஜனவரி 26 அன்று போர்ட் பிளேருக்கு எதிரே உள்ள ராஸ் தீவுப் பக்கம் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதில் பெரும்பாலானவர்கள் காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து போனவர்கள். அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய சின்னப் படகு அது. ஹேவ்லாக் போகும் கப்பலோ க்ரூஸோ அந்த ரகம் இல்லை, இருக்கைக்கு ஒரு பெயர், பட்டியலில் ஒரு எண் உண்டு. இருந்தாலும் ஏறியதும் உயிர்காப்பு அங்கி எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். அதே ஊரில் மற்ற தீவுகளுக்குச் சின்னப் படகில் ஏறும்போது தலை எண்ணுங்கள்.

இனி அரசுக் கப்பல் பக்கம் வருகிறேன், என் மனம் அங்கேதான் இருக்கிறது. ஒருமுறை தனியார் டிக்கெட் கிடைக்காமல் போய், வேறு வழியில்லாமல் அதில் ஏறினேன். உள்ளே இருக்கை கிழிந்திருந்தது. கழிப்பறையைப் பற்றி எழுத வேண்டாம். ஆனால் துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததும் மேல்தளத்துக்கு ஏறினால், பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டின் பின்பக்கம் இருந்த அதே காட்சி கண்முன்னே: தென்னை வரிசை, மேட்டில் நார்த் பே கலங்கரை விளக்கம். நோட்டில் இருந்தது கரையிலிருந்து பார்த்த கோணம், நமக்குக் கிடைப்பது தண்ணீரிலிருந்து. பக்கத்தில் நின்ற ஹேவ்லாக்காரர் தன் தாத்தா ஐம்பதுகளில் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதியாக வந்து குடியேறியவர் என்றார். அரை இந்தியும் அரைத் தமிழும் கலந்து பேசிக்கொண்டோம். நடுக்கடலில் கப்பல் கிழித்த அலையிலிருந்து பறவைமீன்கள் சரசரவென்று எழுந்து, உள்ளங்கை அளவு வெள்ளிக் கம்பிகள் போலத் தண்ணீரின் மேலேயே கொஞ்ச தூரம் மிதந்து, பொத்தென்று விழுந்தன. பையன் பதினேழு வரை எண்ணினான். ஏ.சி. படகில் அதே கடலைத் தாண்டியபோது அவன் போனில் கார்ட்டூன் பார்த்தான்.

கிரீன் ஓஷன் பிழைத்துக் கிடப்பது இந்தக் காற்றுக்காகத்தான். முன்கூட்டியே டிக்கெட், காலை வைக்கச் சுத்தமான இடம், மேலே ஏறினால் வெயிலும் காற்றும். பயண நேரம் வேகப் படகைவிடக் கூடும். காலைப் பயணத்துக்கு, குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு, மூடிய அறையில் குமட்டுகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். அரசுக் கப்பலின் கூட்டமும் கதையும் மட்டும் இதில் கிடைக்காது. எல்லோரும் நம்மைப் போலவே தொப்பி வாங்கிய ஆட்கள்.

என்னிடம் இப்போது யாராவது கேட்டால் இப்படிப் போடச் சொல்வேன். வயதான பெற்றோர் கூட வந்தால் யோசிக்கவே வேண்டாம், போக வர வேகப் படகு, கீழ்த்தளம், நடு வரிசை. மற்றவர்கள் போகும்போது தனியாரில் உறுதியாகப் போய்விடலாம், முன்பதிவு செய்த அறை அங்கே காத்திருக்கும். ஹேவ்லாக்கிலிருந்து நீலுக்கு ஒரு மணி நேரம் போலத்தான், எது கிடைக்கிறதோ அது. நீலிலிருந்து போர்ட் பிளேர் திரும்பும்போது கையில் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு அரசுக் கப்பலுக்கு முயன்று பாருங்கள். கிடைக்காவிட்டால் தனியார் இருக்கவே இருக்கிறது, அந்தத் திசையில் கடைசி நேரத்தில் கிடைப்பதும் உண்டு. அந்தமானின் காய்கறிக் கூடை என்று நீல் தீவைச் சொல்வார்கள். நாங்கள் திரும்பிய கப்பலில் நடைவழி முழுக்கக் கத்தரிக்காய் மூட்டை, பாகற்காய் மூட்டை. பீனிக்ஸ் பேயில் கயிறு கட்டியதும் முதலில் இறங்கியது காய்கறிதான். நாங்கள் ஓரமாக ஒதுங்கி நின்றோம்.