களைக்கருவிக்குக் காப்புரிமை தேட உதவிய நூலகம்

திருத்துறைப்பூண்டி பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் களிமண் வயலில் கோனோவீடர் என்கிற உருளை வைத்த களைக்கருவியைத் தள்ளினால் பத்தடிக்குள் உருளைப் பல்லிடுக்கில் சேறு அப்பிக்கொள்ளும். அப்புறம் உருளாது, சறுக்கும். அதனால் உருளைக்குப் பின்னால் சேற்றை வழித்துவிடும் தகடு ஒன்றை ஸ்பிரிங்கில் பொருத்தினேன். சம்பாவில் எங்கள் இரண்டு மா வயலிலும் நிற்காமல் ஓடியது.

இதற்குக் காப்புரிமை வாங்க நினைத்தேன். இதே மாதிரி ஏற்கெனவே யாராவது பதிந்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். முதலில் ஒருவர் தேடித் தருவதாக முன்பணம் வாங்கிக்கொண்டு, "இதுமாதிரி எதுவும் இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். மனசு ஒப்பவில்லை. பக்கத்து ஊர்க் கல்லூரி நூலகத்தில் வெளியாட்களுக்கும் உதவுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

நூலகர் அம்மா கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. "வரைஞ்சு காட்டுங்கண்ணே" என்றார். எந்தப் பாகம் புதுசு, அது என்ன வேலை செய்யுது என்று தனித்தனியாக எழுத வைத்தார். களை என்ற சொல்லை மட்டும் போட்டுத் தேடினால் களைக்கொல்லி மருந்தாக வந்து குவிகிறது. காப்புரிமைகளைத் துறைவாரியாகப் பிரிக்கும் ஏ01பி 39/18 என்ற வகை எண்ணைப் போட்டதும் களையெடுக்கும் கருவிகளாக வரிசைகட்டின. இந்தியக் காப்புரிமைத் தளம், ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட் தளம் இரண்டுமே இலவசம்தான். அந்த எண்ணைக் கண்டுபிடிக்கத்தான் ஆள் வேண்டியிருக்கிறது.

மூன்றாம் நாள் ஒரு வெளிநாட்டு ஆவணத்தில் என் தகடு மாதிரியே ஒரு படம். நெஞ்சு அடைத்துப்போனது. அவர் அதில் எதற்கு உரிமை கேட்டிருக்கிறார்கள் என்று சொல்லும் உரிமைக் கோரிக்கைப் பகுதியை வரிவரியாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அது போல்ட் போட்டு இறுக்கிய தகடு, ஸ்பிரிங் கிடையாது. "இது போதுமான்னு நான் சொல்லக் கூடாதுண்ணே, இந்தத் தாளோட காப்புரிமை முகவரைப் பாருங்க" என்று நிறுத்திக்கொண்டார். அந்த நேர்மைதான் எனக்குப் பிடித்தது. பொதுவாக 18 மாதம் கழித்தே விண்ணப்பங்கள் வெளியாகும், அதனால் சமீபத்தில் யாராவது போட்டிருந்தால் தேடலில் சிக்காது என்பதையும் மறைக்கவில்லை.

பொங்கல் கண்காட்சியில் கருவியை வைப்பதாக இருந்தேன். விண்ணப்பிக்கும் முன் ஊரறியக் காட்டினால் புதுமை போய்விடலாம் என்று தடுத்தார்.

கருவியின் பெயரை வணிகக்குறியாகப் பதிய, பொருள்களைப் பிரிக்கும் பட்டியலில் 7ஆம் வகுப்பு என்று நினைத்திருந்தேன். கையால் தள்ளுகிற கருவி 8ஆம் வகுப்பாம். வைக்க நினைத்த பெயரின் ஒலியை வைத்துத் தேடியதில் அதே ஓசையில் ஏற்கெனவே பெயர் இருந்தது. விட்டுவிட்டேன்.

குறை என்றால் இரண்டே கம்ப்யூட்டர், நாலரைக்குப் பூட்டிவிடுகிறார்கள். பட்டறைக்காரனுக்கு அது கஷ்டம். சனிக்கிழமை மாலையாவது திறந்து வைக்க வேண்டும்.

போகிறவர்கள் வரைபடத்தோடு போங்கள். நான் தற்காலிக விவரக்குறிப்போடு, அதாவது கருவியைப் பற்றிய முதற்கட்ட விவரத்தோடு, காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டேன். முழு விவரம் கொடுக்க 12 மாதம் இருக்கிறது, அதற்குள் குறுவையில் இன்னொரு தரம் ஓட்டிப் பார்த்துவிடுவேன்.