பேங்க் ஏலமா, புரோக்கர் கொண்டுவரும் வீடா?

சென்னையில் பழைய ஃப்ளாட்டை வாங்கி, பெயின்ட், பிளம்பிங் வேலையெல்லாம் முடித்து விற்க நினைப்பவர்களுக்குப் பெரிய பாடே வீடு கிடைப்பதுதான். நங்கநல்லூர், மேற்கு மாம்பலம் பக்கம் நியாயமான விலைக்கு ஒன்று வந்தால், விளம்பரம் போடும் முன்பே யாராவது அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். அதனால்தான் பலரும், கடன் கட்டாதவர் வீட்டை பேங்க் விற்கும் ஏலத்துக்குப் போகிறார்கள். இரண்டு வழியிலும் வாங்கியிருக்கிறேன், இனி எனக்குப் புரோக்கர் வழிதான்.

ஏலத்தில் விலை குறையும், சரி. ஆனால் அறிவிப்பில் 'சிம்பாலிக் பொசஷன்' என்று இருந்தால் பேங்க் காகிதத்தில் மட்டும் கைப்பற்றி, கதவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது, உள்ளே பழைய சொந்தக்காரரே இன்னும் குடியிருக்கலாம் என்று அர்த்தம். பெரும்பாலும் கேட்டுக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும், பாத்ரூம் சுவரில் ஓதம் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்க வழியில்லை. ஏலம் எடுத்த மறு வேலை நாளுக்குள் 25 சதவீதம், ஏலம் உறுதியானதும் 15 நாளில் மீதி என்று பணம் மட்டும் மளமளவென்று போய்விடும். சாவி வர, கடனுக்காகச் சொத்தைக் கைப்பற்ற உதவும் சர்பாசி சட்டம் 14ஆம் பிரிவில் பேங்க் மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும், அதற்குள் கடன் வாங்கியவர் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் ஸ்டே வாங்கினால் தொலைந்தது. குடியிருக்க வாங்குபவர் காத்திருக்கலாம். திருப்பி விற்பவருக்கு முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம் வாங்கும்போதே போய்விடுகிறது, 24 மாதத்துக்குள் விற்றால் லாபத்துக்கு வருமான ஸ்லாப்படி வரி. இதற்கு மேல் கைக்கு வராத வீட்டுக்கு மாதாமாதம் வட்டியும் கட்டினால் என்ன மிஞ்சும்?

புரோக்கர் வீட்டில் விலை கொஞ்சம் கூட, கமிஷன் வேறு. ஆனால் உள்ளே போய்க் குழாயைத் திறந்து பார்க்கலாம், பதிவன்றே சாவி கையில். அம்மா அப்பா காலமாகி, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளைத்தான் நான் தேடுவேன். அவர்களுக்குக் கடைசி ரூபாயைவிடச் சீக்கிரம் முடிவதுதான் முக்கியம். அந்தச் செய்தி புரோக்கருக்கு முன்னால் தெருவில் இஸ்திரி போடுகிறவருக்குத் தெரிந்திருக்கும், அவரிடம் பேச்சுக் கொடுத்து வையுங்கள். வாரிசுச் சான்றிதழ், வில்லங்கம், மூலப் பத்திரம் மூன்றும் வக்கீல் கையில் போகாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். விற்பவர் என்ஆர்ஐ என்றால் விலையில் வாங்குபவர் பிடித்துக் கட்டும் வரியான டிடிஎஸ் வழக்கமான 1 சதவீதம் செல்லாது, அதிகம் பிடிக்க வேண்டும், ஆடிட்டரைக் கேட்டுவிடுங்கள்.

'பிசிக்கல் பொசஷன்', அதாவது வீடு பேங்க் கையிலேயே இருக்கிறது என்று போட்டிருந்தால் நானும் ஏலம் கேட்பேன். காலி மனை ஏலத்தில் எடுத்துப் பழக்கமில்லை, அதில் இந்தக் கணக்கு மாறலாம்.