மாடிக்குத் தனி மின் இணைப்பா, கூரையில் சூரியத் தகடா?

மதுரை திருநகரில் எங்கள் வீட்டில் கீழே நாங்களும் மாடியில் மகன் குடும்பமுமாக இரண்டு சமையலறைகள் இருந்தும் மீட்டர் ஒன்றுதான்; சித்திரை, வைகாசியில் இரு மாதக் கணக்கு 900 யூனிட்டை ஒட்டிவிடும். மாடிக்குத் தனி இணைப்பு, அல்லது கூரையில் 2 கிலோவாட் சூரியத் தகடு என்று இரு வழிகள் இருந்தன. நாங்கள் தகட்டைத் தேர்ந்தெடுத்தோம்.

மின் கட்டணத்துக்குப் பின்னால் பல செலவுகள் உண்டு. அனல்மின் நிலையத்துக்கான நிலக்கரி ஒடிசாவின் தால்சேரிலிருந்து ரயிலில் பாராதீப்புக்கும், அங்கிருந்து கப்பலில் தூத்துக்குடிக்கும் வருகிறது. பெரும்பகுதி மின்சாரத்தை மின் வாரியம் வெளியில் வாங்குகிறது. பழைய கடனின் வட்டியும் சேர்கிறது. இச்செலவுகளைக் காட்டி வாரியம் மனு அளிக்க, மதுரை உள்ளிட்ட ஊர்களில் கருத்துக் கேட்ட பின் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கட்டண விகிதத்தை முடிவு செய்கிறது. ஆனால் செலவு எல்லோர் மீதும் சமமாக விழுவதில்லை. அதிகம் செலவழிப்பவரின் கடைசி யூனிட்டுகள் மீதே விழுகிறது.

2022 செப்டம்பர் விகிதத்தைக் கொண்டே கணக்கிடுகிறேன். 2024 ஜூலையில் தொகை கூடியபோதும் அடுக்கு முறை மாறவில்லை. 500 யூனிட் வரை முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு யூனிட் ஒன்றுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, பிறகு 6, மொத்தம் 1,725. ஒரு யூனிட் கூடினாலும் அந்த 2.25 சலுகை பறிபோய் 4.50 ஆகிறது என்பதால், 501-ஆம் யூனிட்டின் உண்மை விலை 8 ரூபாயன்று, 233 ரூபாய். அதற்கு மேல் 9, 10 என ஏறி, 900 யூனிட்டுக்கு 5,550 ஆகிறது.

தனி இணைப்பில் ஆளுக்கு 450 என்று பிரிந்தால் இரு பில்களும் சேர்ந்து 2,850. முதலீடும் சொற்பமே. ஆனால் ஒரே வளாகத்தில் ஒரே குடும்பத்துக்குப் பல இணைப்புகள் இருப்பதை வாரியம் சும்மா விடுவதில்லை. உண்மையிலேயே தனிக்குடித்தனம் என்று காட்ட வேண்டும். வாடகைக்கு விடுபவர்களுக்கு அதுவே சரியான வழி.

தகடு வேறு விதமாக வேலை செய்கிறது. ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் என்றால் இரு மாதத்தில் 480 யூனிட். அது கழிவது அடியிலிருந்து அல்ல, 10, 9, 8, 6 ரூபாய் அடுக்குகளிலிருந்து. மிஞ்சும் 420 யூனிட்டுக்கு, இதர சிறு கட்டணங்கள் நீங்கலாக, 1,245 ரூபாய். இணைப்பையும் பிரித்துத் தகடும் பொருத்தினால் தகட்டின் ஒவ்வொரு யூனிட்டும் மலிவான அடுக்கில் கழிந்து, போட்ட பணம் திரும்பி வரத் தாமதமாகும். ஆகவேதான் இவற்றை ஒன்றுக்கொன்று மாற்றாகப் பார்த்தோம். மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய் மானியமும் உண்டு.

குறைகள் இல்லாமல் இல்லை. மின்தடை வந்தால், பேட்டரி இல்லாத தகடும் வெயிலைப் பார்த்தபடி நின்றுவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் உற்பத்தி இறங்குகிறது. இன்வெர்ட்டர் எத்தனை ஆண்டு உழைக்கும் என்று சொல்லும் அளவுக்கு எங்களுக்கு அனுபவம் போதாது. இரு மாதத்தில் 500-ஐத் தாண்டாத வீட்டுக்கு நான் தகட்டைப் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே அது மிச்சப்படுத்துவது 6 ரூபாயும் அதற்குக் கீழுமான யூனிட்டுகளைத்தான்.