நெருப்பு வந்தால் எந்தப் படி? ஒரு கேமின் பாவனை அனுபவம்

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிப் பக்கம் மாடியில் நடக்கும் ஒரு ரியூசன் நிலையத்தின் நிர்வாகம் என் பொறுப்பு. நெருப்புப் பிடித்தால் வெளியேறிப் பழக ஒரு கணினி கேமை ஒரு வருசத்துக்கு மேலாகப் பாவிக்கிறோம். எங்களிடம் படித்துக் கம்பஸ் போன தம்பி ஒருவர் எங்கள் கட்டடத்தையே அச்சொட்டாக யூனிட்டி என்ற கேம் செய்யும் மென்பொருளில் எழுப்பித் தந்தார். வைத்திருக்க வேண்டிய சாமான்தான், ஆனால் இது மட்டும் காணாது.

யோசனை புதிதல்ல. இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தில் ‘ஹாஃப்-லைஃப் 2’ விளையாட்டை இயக்கும் மென்பொருளான என்ஜினை வைத்துத் தங்கள் கட்டடம் ஒன்றை இப்படி எழுப்பிப் பார்த்து, 2009இல் ஆய்வாக வெளியிட்டார்கள். கேம் விளையாடிப் பழகியவர்கள் விரைவாக வெளியேறினார்கள் என்பதை அதிலும் கண்டார்கள். இங்கேயும் அதே கதைதான். ஏ.எல். பெடியள் கண்மூடித் திறப்பதற்குள் முற்றத்தில் நிற்பார்கள். அலுவலக அன்ரி கேமுக்குள் கரும்பலகையைப் பார்த்தபடியே நின்றுவிட்டார். “தம்பி, படி எங்க இருக்கெண்டு எனக்குத் தெரியும். இதில எப்பிடித் திரும்பிறதெண்டுதான் தெரியேல்லை” என்றார். அதனால் திரையில் வரும் நேரக் கணக்கை நான் நம்புவதில்லை. அது விரல் பழக்கத்தைத்தான் அளக்கிறது.

இதன் உண்மையான பலன் வேறு. மனிசர் உள்ளே வந்த வழியாலேயே வெளியே போகப் பார்ப்பார்கள். 2003இல் அமெரிக்காவின் ரோட் தீவில் ஒரு இரவு விடுதி எரிந்து 100 பேர் இறந்தார்கள். வேறு கதவுகள் இருந்தும் பெருங்கூட்டம் முன்வாசலுக்கே ஓடி அங்கே நெரிந்தது. எங்கள் கேமில் முன்படி சில வேளை திறந்திருக்கும், சில வேளை புகையால் அடைபட்டிருக்கும். முதல் தடவை விளையாடும் பிள்ளை நேரே புகைக்குள்ளேயே போகும். திரை கறுத்து, இருமல் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு உண்மையான ஒத்திகையில் ஒருவருக்கும் சொல்லாமல் முன்படிக்குக் குறுக்கே ஒரு வாங்கைப் போட்டேன். முன்னால் வந்த பிள்ளையள் “பின்பக்கம், பின்பக்கம்” என்று கத்தியபடி திரும்பினார்கள். எனக்கு அன்றைக்குத்தான் இதில் முழு நம்பிக்கை வந்தது.

குறைகள் உண்டு. வெக்கை இல்லை, மணம் இல்லை, முட்டி மோதும் சனம் இல்லை. புகை கூரைப் பக்கம் திரளும், மூச்சுவிடக்கூடிய காற்று நிலத்தோடுதான் கிடக்கும். கேமில் குனிய ஒரு பொத்தான் போதும்; முழங்கால் அதைப் பழகாது. தவழ வைப்பதை நாங்கள் சீமெந்து நிலத்தில்தான் செய்கிறோம். கேமில் புத்தகப் பையும் இருக்கவில்லை, ஆனால் ஒத்திகையில் பாதிப் பேர் குனிந்து கொப்பியை அடுக்கினார்கள். பிறகு தம்பியிடம் சொல்லிப் பையைச் சேர்த்தோம், எடுத்தால் நேரம் போகும். புகை வரும் இடத்தையும் அடிக்கடி மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பாடமாக்கிவிடுவார்கள்.

கேமில் பின்படியின் கிறில் கேற் எப்போதும் திறந்தே இருக்கும். உண்மையில் அதில் ஆமைப்பூட்டுத் தொங்கியது. இப்போது அதைத் திறக்காமல் எந்த வகுப்பும் தொடங்குவதில்லை.

கடைசியாக ஒன்று சேர்த்தோம். வெளியே வந்ததும் கேம் நிற்கும். பிள்ளை எழும்பி, தீயணைப்புக்கான 110க்கு எடுத்ததுபோல இடத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வருசக்கணக்காக இங்கே வந்துபோகும் பிள்ளையளே கட்டட இலக்கம் தெரியாமல் தடுமாறினார்கள். இப்போது ஒவ்வொரு வகுப்பறைக் கதவிலும் முகவரியைப் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறோம்.