ஒரு சைக்கிளின் பின்னால் இன்னொரு சைக்கிள்: எந்த இணைப்பு நிற்கும், எது ஆடும்?

இரண்டு சைக்கிள், ஓட்ட ஒரே ஆள். ஒன்றைப் பழுதுபார்க்கக் கொண்டுபோக வேண்டும், அல்லது வேறொருவரிடம் சேர்க்க வேண்டும். கார், வேன் எதுவும் இல்லை. பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போய்விடலாமே என்று தோன்றுவது இயல்பு. முடியும். வீட்டில் கிடக்கும் பழைய பாகங்களை வைத்தே செய்யக்கூடிய வழிகள் நான்கைந்து இருக்கின்றன. ஆனால் அவற்றுக்குள் வித்தியாசம் பெரிது. சிலவற்றில் பின்னால் ஒரு வண்டி வருவதே மறந்துபோகும். சிலவற்றில் முதல் திருப்பத்திலேயே இறங்கித் தள்ளத் தோன்றும்.

இங்கே பேசுவது ஆள் ஏறாத வெறும் சைக்கிளை இழுப்பதைப் பற்றி. குழந்தை உட்கார்ந்து வரும் வண்டியின் கணக்கு வேறு, அதைக் கடைசியில் பார்க்கலாம். வசதிக்காக இழுப்பதை முன்வண்டி என்றும் இழுபடுவதைப் பின்வண்டி என்றும் வைத்துக்கொள்வோம்.

எந்த இணைப்பையும் எடைபோட ஒரே ஒரு கேள்வி போதும்: அது எந்த அசைவை விடுகிறது, எதைத் தடுக்கிறது? பின்வண்டிக்கு மூன்று அசைவுகள் உண்டு. வளைவில் இடவலமாக மடங்குவது, மேடு பள்ளத்தில் மேலும் கீழுமாக மடங்குவது, பக்கவாட்டில் சாய்வது. முதல் இரண்டையும் தாராளமாக விட வேண்டும். மூன்றாவதைத் துளியும் விடக்கூடாது. காரணம் எளிது: முன்சக்கரம் தூக்கப்பட்ட சைக்கிளுக்குத் தரையில் இருப்பது ஒற்றைச் சக்கரம். அது நிமிர்ந்து நிற்பதே முன்வண்டியின் தயவில்தான். இணைப்பில் 3 டிகிரி தளர்வு இருந்தால் போதும், 1 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஹேண்டில்பார் பக்கத்துக்கு 5 சென்டிமீட்டர் தொங்கும். அது ஒரு பக்கம் சாய்ந்து, 'டக்' என்று மறுபக்கம் விழும்போது முன்வண்டியையும் சேர்த்து உலுக்கும்.

பலர் இடறும் இடம் இதுதான். இரட்டைச் சக்கர டிரெய்லரை இழுக்கப் பயன்படும் இணைப்புகளைப் பார்த்து அப்படியே செய்துவிடுகிறார்கள்: குண்டு மூட்டு, தடித்த ரப்பர் குழாய், ஸ்பிரிங், வளையத்துக்குள் வளையம். டிரெய்லர் தன் இரண்டு சக்கரத்தில் தானாக நிற்கும், அதனால் அங்கே மூன்று அசைவையும் விட்டுத்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் வளைவில் முன்வண்டி சாயும்போது டிரெய்லரின் ஒரு சக்கரம் தூக்கிக்கொள்ளும். அங்கே நல்லதாக இருக்கும் இணைப்பு இங்கே மோசமானது.

சரி, வழிகளுக்கு வருவோம்.

கயிற்றை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். கயிறு இழுக்கும், தள்ளாது, நிமிர்த்திப் பிடிக்காது. பின்வண்டியில் ஒரு ஆள் உட்கார்ந்து, தானே சமநிலை பார்த்து, தானே பிரேக் பிடித்தால் மட்டுமே அதற்கு அர்த்தம் உண்டு. மலைப்பாதை ஏற்றத்தில் களைத்துப்போன துணைக்கு உதவ, நீண்டு சுருங்கும் இழுவைப் பட்டை பயன்படுத்துவார்கள். அது நியாயமான பயன்பாடு. ஏற்றம் முடிந்ததும் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் தொய்ந்த கயிறு சக்கரத்துக்குள் போகும். ஆளில்லாத வண்டிக்குக் கயிறு ஒரு வழியே அல்ல.

அடுத்தது இணைப்பே இல்லாத வழி. ஒரு கையால் ஓட்டிக்கொண்டு, மறு கையால் பக்கத்து வண்டியை உருட்டிக்கொண்டு போவது. இதைக் கேலி செய்யத் தேவையில்லை. ஹேண்டில்பாரின் ஓரத்தைப் பிடிக்காமல் நடுவில் உள்ள ஸ்டெம்மைப் பிடித்தால் வண்டி ஆச்சரியப்படும் அளவுக்கு ஒழுங்காக வரும். குறுகிய தூரம், காலியான பாதை என்றால் இணைப்பு செய்யும் நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் இரண்டு வண்டியின் அகலம் தேவைப்படும், பிரேக்குக்கு ஒரே கைதான் மிஞ்சும். அந்தக் கைக்கு எந்தச் சக்கரத்தின் பிரேக் வருகிறது என்று கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள். போக்குவரத்துள்ள சாலைக்கு இது வேண்டாம்.

இனி உண்மையான போட்டியாளர்கள் மூவர்.

முதலாவது, முன்வண்டியின் சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்டிலிருந்து பின்வண்டியின் தலைக்குழாய் வரை ஒரு கம்பி. ஹேண்டில்பாரைத் தாங்கும் அந்தக் குட்டைக் குழாயைக் கிளாம்ப் போட்டுக் கவ்வி, முன்சக்கரம் தரையிலிருந்து எழும்பும்படி தூக்கிப் பிடிப்பது. சக்கரத்தைக் கழற்ற வேண்டாம், பின்வண்டியில் எதையும் மாற்ற வேண்டாம் என்பது இதன் கவர்ச்சி. சிக்கல், சீட் போஸ்ட் பக்க மூட்டில் இருக்கிறது. வட்டக் குழாயைச் சுற்றிக் கிளாம்பைத் தளர்வாக விட்டு அதையே திருகுமூட்டாக ஆக்குவது பலரும் செய்வது. திரும்பும் அளவுக்குத் தளர்த்தினால் சாயவும் தளர்ந்துவிடும். சாயாமல் இறுக்கினால் திரும்பாது.

இதற்கு அழகான ஒரு தீர்வு உண்டு: கார் ஸ்டீயரிங் தண்டில் வரும் சிறிய யுனிவர்சல் ஜாயிண்ட். அது இரண்டு திசையில் மடங்கும், முறுக்கை மட்டும் அப்படியே கடத்தும். நமக்கு வேண்டியதும் அச்சு அசலாக அதுதான். ஆனால் ஒரு வரம்புக்கு மேல் அது மடங்காது, மிகக் குறுகலான திருப்பத்தில் முட்டிக்கொள்ளும். முட்டிய பிறகு கம்பி நெம்புகோலாகி சீட் போஸ்டைத் திருகும். கார்பன் சீட் போஸ்ட் என்றால் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

நீளமும் இதற்கு எதிரி. பின்வண்டியின் முன்சக்கரம் முன்வண்டியின் டயரில் இடிக்காமல் இருக்கக் கம்பி நீளமாக வேண்டும். மூட்டிலிருந்து பின்வண்டியின் பின் அச்சு வரை எளிதாக 1.8 மீட்டர் வந்துவிடும். முன்வண்டியின் பின்சக்கரம் 3 மீட்டர் ஆர வட்டத்தில் திரும்பினால், பின்வண்டியின் சக்கரம் அதைவிட 60 சென்டிமீட்டர் உள்ளே வெட்டிக்கொண்டு வரும். தெருமுனையில் நீங்கள் தாண்டிவிட்டதாக நினைக்கும் கல்லில் அது ஏறும். போதாததற்கு இணைப்பு உயரத்தில் இருப்பதால், வளைவில் பிரேக் பிடிக்கும்போது பின்வண்டியின் தள்ளல் சீட்டுக்குக் கீழேயே பக்கவாட்டில் அடிக்கும்.

இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்தது: பின்வண்டியின் முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அந்தச் சக்கரத்தை இருபுறமும் பிடிக்கும் கவையான வெறும் ஃபோர்க்கை முன்வண்டியின் கேரியரில் மாட்டுவது. இதற்குத் தேவை ஒரு பழைய முன்சக்கர ஹப் (சக்கரத்தின் நடுவில் அச்சும் பேரிங்கும் உள்ள பாகம்), அதைக் கேரியரோடு பிணைக்க இரண்டு யூ-போல்ட், நடுவே ஒரு கெட்டியான மரத்துண்டோ ஆங்கிள் இரும்போ. ஹப்பின் உடல் கேரியரில் அசையாமல் உட்கார, அதன் அச்சில் ஃபோர்க்கின் முனைகளைப் பொருத்தி நட்டை இறுக்க வேண்டும். மேலும் கீழும் மடங்குவதை ஹப்பின் பேரிங் பார்த்துக்கொள்ளும். இடவலம் திரும்புவதைப் பின்வண்டியின் சொந்த ஹேண்டில் பேரிங் பார்த்துக்கொள்ளும். சாய்வை 100 மில்லிமீட்டர் அகலத்தில் இரண்டு பக்கமும் இறுகிய ஃபோர்க் தடுத்துவிடும். மூன்று வேலைக்கும் தேவையான பாகங்கள் சைக்கிள் தொழிற்சாலையில் துல்லியமாகச் செய்யப்பட்டவை. நாம் வெல்டிங் செய்து உருவாக்கும் எந்த மூட்டும் அந்த அளவுக்குத் தளர்வில்லாமல் வராது. ஓட்டும்போது ஒரு வேடிக்கையும் உண்டு: பின்வண்டியின் ஹேண்டில்பார் எப்போதும் முன்வண்டி பார்க்கும் திசையையே பார்த்துக்கொண்டிருக்கும், அதன் உடல் மட்டும் கீழே திரும்பும்.

பழைய 9 மில்லிமீட்டர் அச்சு ஃபோர்க்குக்கு இது சுலபம். 12 அல்லது 15 மில்லிமீட்டர் துளை அச்சு வரும் புதிய ஃபோர்க் என்றால் அதே அளவு ஹப் தேட வேண்டும். முன்பக்க ஷாக் இருந்தால் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வண்டி குதித்துக்கொண்டே வரும்.

கேரியர் தாங்குமா என்பது எல்லோருக்கும் வரும் சந்தேகம். 15 கிலோ சைக்கிளில் முன்சக்கரத்தைக் கழற்றியபின் ஃபோர்க் வழியாக இறங்கும் எடை 5, 6 கிலோதான். பல கேரியர்களில் 25 கிலோ என்று அச்சிட்டே இருக்கும். ஆனால் அந்த எண் மேலிருந்து அமுக்கும் எடைக்கானது. இங்கே கேரியரைச் சோதிப்பது பக்கவாட்டு முறுக்கு. மெல்லிய அலுமினியக் கால்கள் உள்ள கேரியர் இலேசாக நெளிந்தாலே மேலே சொன்ன 3 டிகிரி வந்துவிடும். அச்சுப் பக்கம் இரண்டு காலும், சீட் பக்கம் இரண்டு கம்பியும் கொண்ட இரும்புக் கேரியர் வேண்டும். சீட் போஸ்டை மட்டும் கவ்விக்கொண்டு அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் வகையை நினைத்தே பார்க்காதீர்கள். ஹப்பைப் பின் அச்சுக்கு நேர் மேலே அல்லது சற்று முன்னே வைக்க வேண்டும். கேரியரின் வால் பக்கம் வைத்தால் பின்வண்டி முன்வண்டியை ஆட்டிவைக்கும்.

குறை இல்லாமல் இல்லை. அச்சு உயரத்தில், அதாவது 34 சென்டிமீட்டர் வாக்கில் இருக்க வேண்டிய ஃபோர்க் முனை இப்போது 75 சென்டிமீட்டரில் இருக்கிறது. பின்வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறத்தாழ 24 டிகிரி சரிந்து நிற்கும். வழக்கமாக 72 டிகிரி நிமிர்ந்திருக்கும் ஹேண்டில் அச்சு 48 டிகிரிக்குப் படுத்துவிடும். இப்படிப் படுத்த அச்சைச் சுற்றி வண்டி திரும்பும்போது திரும்புவதோடு சாயவும் செய்யும், அதுவும் வளைவின் வெளிப்பக்கம். 3 மீட்டர் ஆரத் திருப்பத்தில் இந்தச் சாய்வு 15 டிகிரி வரை போகும், முன்வண்டியையும் வெளியே இழுக்கும். 15 மீட்டர் ஆரமுள்ள சாதாரணச் சாலை வளைவில் அது 3 டிகிரிதான், தெரியாது. ஆகவே சாலையில் ஓட்டலாம். சந்துக்குள் திரும்ப இறங்கித் தள்ளலாம். உள்ளே வெட்டுவது மட்டும் மிகக் குறைவு: அதே 3 மீட்டர் திருப்பத்தில் 15 சென்டிமீட்டர் போல.

சின்ன எரிச்சல்கள் சில. பின்பக்கமாகக் காலைத் தூக்கிப் போட்டு ஏற முடியாது, குறுக்குக் குழாயைத் தாண்டித்தான் ஏற வேண்டும். முன்வண்டியின் பின்விளக்கு மறைந்துவிடும், அதைப் பின்வண்டியின் சீட்டுக்குக் கீழே மாற்றுங்கள். கழற்றிய சக்கரத்தைப் பின்வண்டியின் உடலோடு சேர்த்துக் கட்டலாம். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் என்றால் பட்டைகளுக்கு நடுவே ஒரு அட்டைத் துண்டைச் செருகிவிடுங்கள். சக்கரம் இல்லாத நேரத்தில் யாராவது லீவரை அமுக்கினால் பட்டைகள் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் பிரிப்பது தொல்லை.

மூன்றாவது, பின் அச்சிலிருந்தே இழுப்பது. முன்வண்டியின் பின் அச்சின் இரண்டு முனையிலிருந்தும் இரும்புப் பட்டைகள் கிளம்பி, டயரைச் சுற்றிப் பின்னால் வந்து சேரும். அங்கே ஃபோர்க் பொருந்தும். பொறியியலாகப் பார்த்தால் மூன்றில் இதுதான் சிறந்தது. இழுவை தாழ்வாக இருக்கிறது, எடை நேராக அச்சில் இறங்குகிறது, பின்வண்டி மட்டமாக நிற்பதால் திருப்பத்தில் வெளியே சாய்வது கேரியர் வழியில் உள்ளதைவிட வெகுவாகக் குறைந்துவிடும்.

ஆனால் செய்வதற்கு இதுதான் கடினம். இரண்டு பட்டைகளும் அச்சில் தனித்தனியாக அசைந்தால் ஒன்று ஏற, ஒன்று இறங்க, அதுவே சாய்வாகிவிடும். பின்னால் குறுக்குச் சட்டம் போட்டு வெல்டிங் செய்து ஒரே சட்டகமாக்க வேண்டும். அதோடு, ஒவ்வொரு அசைவுக்கும் ஒரே மூட்டுதான் இருக்க வேண்டும். அச்சில் மேலும் கீழும் மடங்குகிறது, ஃபோர்க் முனையிலும் மடங்குகிறது என்றால் நடுவில் எல்லாம் தொய்ந்து தரையில் உட்கார்ந்துவிடும். ஃபோர்க் முனையைப் பூட்ட வேண்டும். டயருக்குப் பின்னால் தனியாக ஒரு திருகுமூட்டு வைத்தால் பின்வண்டியின் ஹேண்டிலைப் பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு மூட்டும் சேர்ந்து மடக்குக்கத்தி மாதிரி மடித்துவிடும். நட்டு போட்ட கெட்டி அச்சு என்றால் பட்டைகளை மாட்ட இடம் கிடைக்கும். விரலால் திறக்கும் லீவர் வைத்த மெல்லிய அச்சில் இந்தச் சுமையை ஏற்றக்கூடாது.

எப்போதாவது ஒரு வெறும் சைக்கிளை நகர்த்த வேண்டியவருக்குக் கேரியர் வழி. அடிக்கடி இழுப்பவர், வெல்டிங் தெரிந்தவர் என்றால் அச்சு வழி. சீட் போஸ்ட் கம்பியை, பின்வண்டியின் முன்சக்கரத்தைக் கழற்றவே முடியாது என்ற நிலை வந்தால் மட்டும் எடுப்பேன். மின்சார சைக்கிளை இவை எதிலும் இழுக்க மாட்டேன். 20 கிலோவுக்கு மேல் போகும் வண்டியை உருட்டிக்கொண்டோ, ஒரு டிரெய்லரில் ஏற்றியோதான்.

எதைச் செய்தாலும் இணைப்பு கழன்றால் தாங்கும்படி ஒரு பட்டையைத் தனியாகச் சுற்றிக் கட்டுங்கள். கிளம்புமுன், முன்வண்டியை ஒருவர் பிடித்துக்கொள்ள, பின்வண்டியின் சீட்டைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். தள்ளிய உடனே முன்வண்டியும் சேர்ந்து அசைந்தால் சரி. பின்வண்டி மட்டும் தனியாகக் கொஞ்சம் ஆடிவிட்டு அப்புறம் இழுத்தால் எங்கேயோ தளர்வு இருக்கிறது. ஓட்டும்போது பிரேக்கை நேர்ப்பாதையில் பிடித்து முடித்துவிட்டு வளைவுக்குள் போங்கள்.

குழந்தை உட்கார்ந்து வரும் வண்டிக்கு மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. வெறும் சைக்கிள் அசையாத சுமை. குழந்தை எட்டிப் பார்க்கும், எழுந்து மிதிக்கும், ஒரு பக்கம் சாய்ந்து கீழே எதையாவது காட்டும். அந்த முறுக்கு வீட்டு வெல்டிங்கில் மறுபடி மறுபடி விழும், விரிசல் வெளியே தெரியாது. இதற்கென்றே செய்து விற்பவை இருக்கின்றன, அவற்றிலும் இதே போட்டிதான். ட்ரெயில்-கேட்டர் சீட் போஸ்டிலிருந்து கம்பி நீட்டிக் குழந்தையின் சைக்கிளைத் தூக்குகிறது. ஃபாலோமீ பின் அச்சிலிருந்து இழுக்கிறது. இரண்டும் 12 முதல் 20 அங்குலச் சக்கரமுள்ள குழந்தைச் சைக்கிள்களுக்கானவை. முதலாவது எடை குறைவு, விலையும் குறைவு, சாய்ந்து ஆடும் சுபாவமும் அதற்குத்தான் அதிகம். இரண்டாவது கனம், விலையும் கூடுதல். குழந்தை அசைந்தாலும் முன்வண்டிக்கு வரும் உலுக்கல் குறைவு. பணம் இடம் கொடுத்தால் இரண்டாவதை வாங்கலாம்.