வாசல் மேசையா, சந்தையா, ஏலமா? வாட்டர்லூ மெனோனைட் பண்ணைக் காய்கறி வாங்கும் மூன்று வழிகள்

டொரொண்டோவிலிருந்து மேற்கே சுமார் ஒன்றரை மணி நேரம் போனால் வாட்டர்லூ வட்டாரம். செயின்ட் ஜேக்கப்ஸைத் தாண்டி எல்மைரா, ஹாக்ஸ்வில், வாலன்ஸ்டீன் பக்கம் திரும்பிவிட்டால் சாலையோரத்தில் கறுப்புக் குதிரை வண்டிகள் கண்ணில் படும். 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலிருந்து வந்து குடியேறிய மெனோனைட் என்ற கிறித்தவப் பிரிவு மக்களின் பகுதி இது. அவர்களில் பழைய முறையை விடாத பிரிவினர் இன்றும் கார் வைத்துக்கொள்வதில்லை. அவர்கள் விளைவித்ததை வாங்க இங்கே மூன்று வழிகள் உண்டு. மூன்றிலும் வாங்குகிறேன் என்றாலும் என் மனது சாய்வது பண்ணை வாசலில் போட்டிருக்கும் மேசைப் பக்கம்தான்.

அதற்கு முதல் காரணம் மக்காச்சோளம். பறித்த நிமிடத்திலிருந்தே சோளத்தின் சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்கிவிடும். வெயிலில் கிடந்தால் இன்னும் வேகமாக. புது ரகங்களில் இது மெதுவாக நடக்கிறது, ஆனால் நிற்பதில்லை. ஆகஸ்ட் மாதக் காலையில் பறித்து வாசலில் குவித்ததை எடுத்துப் பாருங்கள்: அடிக்காம்பு வெட்டிய இடம் ஈரமாக இருக்கும், தோல் விறைப்பாக இருக்கும், பட்டுநூல் இன்னும் பிசுபிசுக்கும். இரண்டு நாள் லாரியில் வந்த சோளத்தில் காம்பு காய்ந்து பழுப்பாகியிருக்கும். பீட்ரூட்டும் அப்படித்தான். வாசல் மேசையில் இலையோடு கட்டு கட்டாக வைத்திருப்பார்கள். கிழங்கு ஒரு நாளைக்கு, இலை இன்னொரு நாளைக்கு. நான்கு பூண்டு தட்டிப்போட்டு வதக்கினால் அருமையான பொரியல்.

முட்டைக்கும் பண்ணைதான். தரம் பிரிக்கும் நிலையத்துக்குப் போகாத முட்டையை ஒன்டாரியோ மாகாணத்தில் பண்ணையிலேயேதான் விற்கலாம், சந்தைக்குக் கொண்டுபோகக் கூடாது. அந்த முட்டைகளை யாரும் விளக்கொளியில் வைத்துச் சோதித்திருக்க மாட்டார்கள். அதனால் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்து, நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

பல மேசைகளில் ஆளே இருக்காது. அட்டையில் கையால் எழுதிய விலை, மூடியில் கீறல் போட்ட ஒரு தகரப் பெட்டி, அவ்வளவுதான். பணத்தைப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டியது. கார்டு எடுபடாது. இருபது டாலர் நோட்டோடு போனால் சில்லறைக்கு யாரும் கிடைக்க மாட்டார்கள், ஐந்து டாலர் நோட்டுகளாகக் கொண்டுபோங்கள். ஞாயிற்றுக்கிழமை விற்பனை கிடையாது. குழந்தைகள் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போன் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். படம் எடுப்பதை அவர்கள் விரும்புவதில்லை, நாம் நிற்பது அவர்கள் வீட்டு வாசலில்.

குறை என்று பார்த்தால் தேர்வு குறைவு. ஒரு வாசலில் மூன்று வகைதான் இருக்கும், நாலு இடம் சுற்ற வேண்டும். பனி விழுந்துவிட்டால் அநேகமாக எல்லாம் மூடிவிடும். அப்புறம் மார்ச், ஏப்ரலில் மேப்பிள் சிரப்புக்குத்தான் போக வேண்டும். ஏறத்தாழ 40 லிட்டர் மரச்சாற்றைக் காய்ச்சினால் 1 லிட்டர் சிரப் கிடைக்கும் என்பதால் அது அங்கேயும் மலிவில்லை.

செயின்ட் ஜேக்கப்ஸ் உழவர் சந்தை இதற்கு நேர்மாறு. 1975-இல் தொடங்கியது. 2013-இல் தீயில் முக்கியக் கட்டடம் எரிந்துபோய், திரும்பக் கட்டி எழுப்பினார்கள். வியாழனும் சனியும் ஆண்டு முழுக்க உண்டு, கோடையில் செவ்வாயும் சேரும். காய், பழம், பாலாடைக்கட்டி, இறைச்சி எல்லாம் ஒரே சுற்றில் முடிந்துவிடும். முதன்முறை வருபவர்களுக்கும் வயதான பெற்றோரைக் கூட்டிவருபவர்களுக்கும் இதுவே சரி. ஆனால் அங்கே இருப்பதெல்லாம் அக்கம்பக்கத்தில் விளைந்ததல்ல. மொத்த விற்பனைச் சந்தையில் வாங்கிவந்து விற்பவர்களும் இருக்கிறார்கள். ஜூன் தொடக்கத்தில் தக்காளி மலையாகக் குவிந்திருந்தால் அது வயலில் விளைந்ததாக இருக்காது. “இது நீங்கள் பயிரிட்டதா?” என்று கேளுங்கள். பயிரிட்டவர் விதை போட்ட நாளிலிருந்து சொல்லத் தொடங்கிவிடுவார்.

எல்மைரா காய்கறி ஏலம் 2004-இல் தொடங்கியது. பெரும்பாலும் மெனோனைட் விவசாயிகளின் விளைச்சல்தான் அங்கே வருகிறது. வாங்குவதில் கடைக்காரர்களும் உணவகக்காரர்களும் அதிகம். நாமும் பெயர் பதிந்து எண் வாங்கிக்கொண்டு ஏலம் கேட்கலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: கூவுவது ஒரு பெட்டியின் விலை, எடுக்க வேண்டியதோ அந்த அடுக்கு முழுவதும். பத்துப் பெட்டித் தக்காளியை அபார்ட்மெண்ட் பால்கனியில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? நான்கைந்து குடும்பம் சேர்ந்து போனால் மட்டுமே இது கட்டுப்படியாகும். செப்டம்பரில் தொக்குக்கும் ஊறுகாய்க்கும் மொத்தமாக வாங்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை ஒரு நாள்தான் கிடைக்கிறது என்றால் காலையில் சந்தையை முடித்துவிடுங்கள். பிறகு ஹைடல்பெர்க், செயின்ட் கிளெமென்ட்ஸ் வழியாக ஹாக்ஸ்வில் வரை மெதுவாக ஓட்டி, வாசல் பலகைகளைப் பார்த்து நிறுத்துங்கள். முட்டை, பீட்ரூட், பீன்ஸ் முதலில். சோளத்தைக் கடைசி நிறுத்தத்தில் வாங்கி, வெயில் படாமல் குளிர்பெட்டியில் வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் காரிலிருந்து மற்றதை இறக்குவதற்கு முன்னால் அடுப்பில் தண்ணீரை ஏற்றிவிடுங்கள்.