ஜூம்ஸ் பரிசோதனை: அரண்மனைக் குப்பை எலும்பை அனுப்பலாமா?

அகழாய்வுக் குழியிலிருந்து வரும் எலும்பில் பெரும்பாலானவை விரல்நகம் அளவுச் சில்லுகள். மூட்டு முனை இருந்தால் கண்ணால் பார்த்தே விலங்கைச் சொல்லிவிடலாம். நடுத்தண்டின் சில்லில் அது முடியாது. அந்த இடைவெளிக்கு வந்த முறைதான் ஜூம்ஸ் (ZooMS), அதாவது நிறை அளந்து விலங்கெலும்பை அடையாளம் காணும் தொல்லியல் முறை. எலும்பில் மிஞ்சியிருக்கும் கொலாஜன் புரதத்தை நறுக்கி, துண்டுகளின் நிறையை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளந்து விலங்கின் பெயரைச் சொல்லும். மைக்கேல் பக்லியும் யார்க் பல்கலைக்கழகக் கூட்டாளிகளும் 2009இல் இதை வெளியிட்டார்கள். இப்போது சில பல்கலைக்கழக ஆய்வகங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்து தருகின்றன.

தேவைப்படுவது 10 முதல் 30 மில்லிகிராம், அதாவது ஒரு அரிசி மணி அளவு. 0.6 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கனிமத்தைக் கரைப்பார்கள். எலும்பு நல்ல நிலையில் இருந்தால் அமிலமே வேண்டாம், அமோனியம் பைகார்பனேட் கரைசலில் 65 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் போதும். பிறகு புரதத்தை நறுக்கும் நொதியான டிரிப்சின் சேர்த்து 37 டிகிரியில் ஒரு இரவு. ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைக்கும் ஒரு தகட்டில் 384 மாதிரிப் புள்ளிகள் வைக்கலாம் என்பதால் மரபணுச் சோதனையைவிடச் செலவு மிகக் குறைவு.

இதன் பலம் செம்மறியும் வெள்ளாடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும் சில்லில், புரதத் துண்டுகளின் நிறையைக் காட்டும் வரைபடத்தில் செம்மறிக்கு 3033இலும் வெள்ளாட்டுக்கு 3093இலும் முகடு எழும். அதில் தகராறே இல்லை. இந்த வேலைக்கு மட்டும் என்றால் முழு மதிப்பெண் தரலாம்.

ஆனால் அரசர், பிரபுக்களின் வாழ்க்கையைத் தேடிப் போகிறவருக்குச் சங்கடம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. இடைக்கால இங்கிலாந்துக் கோட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மான்கறி அந்தஸ்தின் அடையாளம். ஃபாலோ மானை ரோமர் காலத்திலும் கொண்டுவந்தார்கள், அது நிலைக்கவில்லை. 1066க்குப் பிறகு நார்மன்கள் மீண்டும் கொண்டுவந்து வேலியிட்ட பூங்காக்களில் வளர்த்தார்கள். சிவப்பு மானோ அந்த மண்ணுக்கே உரியது. ஆகவே கோட்டைக் குப்பையில் கிடப்பது எந்த மான் என்பதுதான் கேள்வி. ஜூம்ஸ் அறிக்கையில் வருவது ‘சிவப்பு மான் அல்லது ஃபாலோ மான்’ என்ற ஒற்றை வரி! மூட்டு முனையை வெர்னியர் அளவுகோலில் அளந்தோ கொம்பின் வடிவத்தைப் பார்த்தோதான் பிரிக்க வேண்டும்.

குதிரைக் குடும்பத்திலும் இதே கதை. சிரியாவின் உம் எல்-மர்ராவில், சுமார் 4500 ஆண்டுகளுக்கு முந்தைய மேட்டுக்குடிக் கல்லறைகளின் அருகே புதைக்கப்பட்ட விலங்குகள், கியூனிஃபார்ம் (ஆப்பெழுத்து) களிமண் பலகைகள் பேசும் விலையுயர்ந்த ‘குங்கா’ என்ற கலப்பின விலங்குகள் என்று 2022இல் மரபணு காட்டியது. தாய் நாட்டுக் கழுதை, தந்தை சிரியக் காட்டுக் கழுதை. இதைக் கொலாஜனிடம் கேட்டிருந்தால் ‘குதிரை இனம்’ என்று சொல்லிவிட்டு நின்றிருக்கும். நாய்–ஓநாய், வீட்டுப் பன்றி–காட்டுப் பன்றி இணைகளையும் இது பிரிக்காது. வளர்த்ததா வேட்டையாடியதா என்ற கேள்வியையே வைத்துக்கொண்டு அனுப்புகிறவர் ஏமாந்துதான் போவார்.

பெயர் சரியாகக் கிடைத்தாலும் பாதி வேலைதான் முடிந்திருக்கும். கீசா பிரமிடு கட்டியவர்களின் குடியிருப்பில் விலங்கெலும்பு ஆய்வாளர் ரிச்சர்ட் ரெட்டிங் பார்த்த மாட்டெலும்புகளில் இரண்டு வயதுக்குட்பட்ட இளங்காளைகள் நிறைய. அரசு ஏற்பாட்டில் வெளியிலிருந்து கறி வந்தது என்ற வாதத்துக்கு அந்த வயதும் பாலினமும்தான் அடிப்படை. மூட்டு முனை தண்டோடு ஒட்டியிருக்கிறதா, எந்தப் பல் முளைத்திருக்கிறது, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்தே வயதைச் சொல்ல முடியும். இன்னொரு ஆய்வாளர் நவோமி சைக்ஸ் இங்கிலாந்து மானெலும்புகளில் கவனித்தது உடற்பகுதியை. பிரபுவின் இடத்தில் பின்னந்தொடை எலும்புகள் குவிந்திருக்கும், வனக்காவலரின் வீட்டில் தோள்ப்பகுதி. வேட்டை முடிந்ததும் யாருக்கு எந்தப் பங்கு என்று முறை வைத்து வெட்டிய கணக்கு அது. பையின் மேல் ‘மான், 14 துண்டு’ என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தக் கணக்கு போய்விடும். இடமா வலமா, எந்த எலும்பு, வெட்டுத்தடம் எங்கே என்பதை மாதிரி எடுப்பதற்கு முன்பே குறித்து, அளந்து, படமெடுத்து வைக்க வேண்டும். மாதிரியை மூட்டு முனையிலும் வெட்டுத்தடத்திலும் எடுக்கக் கூடாது. உடைந்த தண்டின் ஓரமே போதும்.

சோதனை தோற்பதற்குப் பெரும்பாலும் வெப்பம்தான் காரணம். வெப்ப நாட்டு மண்ணில் கொலாஜன் சீக்கிரம் சிதையும். நம் ஊர்க் குழிகளுக்கும் இது பொருந்தும், அதனால் மொத்தப் பையையும் அனுப்பாமல் பத்துப் பதினைந்து சில்லுகளை முதலில் அகச்சிவப்புச் சோதனையில் கொலாஜன் மிஞ்சியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. சாம்பல் நிறமாகவோ வெள்ளையாகவோ எரிந்த எலும்பை அனுப்புவது காசுக்குக் கேடு. உடைந்ததை வஜ்ரப் பசையால் ஒட்டியிருந்தால், அந்தப் பசையே விலங்குக் கொலாஜன் என்பதால், எலும்புக்குப் பதில் பசையின் மாட்டைப் படித்துச் சொல்லும். ஒட்டிய வரலாறு தெரியாத பழைய அருங்காட்சியகச் சேகரிப்பு என்றால், ஒட்டிய இடத்திலிருந்து விலகி, உட்புறத்தில் மாதிரி எடுக்கச் சொல்லி ஆய்வகத்துக்கு எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.